பதினோரு நிமிஷம்

படகில் ஒன்பது பெண்கள். ஒன்பது ஓட்டு.
சின்னப்பாலத்திலிருந்து முள்ளித்தீவுப் பாருக்கு
எஞ்சின் முக்கால் மணி நேரம் இருமும்.
அதுவரைக்கும் அரசியல்தான்.

கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்தபடி
அமலோற்பவம் சொன்னாள்: இந்தத் தடவை நங்கூரத்துக்கு.
"நங்கூரமா? போன தேர்தலுக்கு வந்தவுக
போட்ட எடத்துலயே கெடக்காக, எங்கிட்டு நகண்டாக?"
சண்முகக்கனி மண்வெட்டிக் கட்சி.
அவள் மகனுக்கு அவர்கள்தான் ஐஸ் கம்பெனியில்
வேலை வாங்கித் தந்தார்கள். அதை அவள் மறைப்பதுமில்லை.

மண்வெட்டிக்காரர் தடைக்காலப் பணத்தைக் கூட்டுவார்களாம்.
எனக்கு உண்டா என்று கேட்டேன்.
அட்டை இருந்தால் உண்டு.
அட்டை வாங்கப் படகு இருக்க வேண்டும்,
அல்லது படகுள்ள புருஷன்.
எனக்கு இருப்பது ஒரு சாக்கு,
காலுக்குக் கட்டும் அலுமினியத் தட்டு ரெண்டு,
விரலுக்குச் சுற்ற மாப்பிள்ளையின் பழைய வேட்டிக் கிழிசல்.

தண்ணீருக்குள் போனால் கட்சி கிடையாது
என்று சொல்ல ஆசைதான்.
மரிக்கொழுந்துப் பாசி அடர்ந்த கல்லை
அன்றைக்கும் அமலோற்பவத்தின் தங்கை வளைத்துக்கொண்டாள்.
சண்முகக்கனி மேலே வந்து மூச்சு விட்டதும்
திட்டியது கட்சியைச் சேர்த்துத்தான்.

திரும்பி வந்தபோது கரையில் ரெண்டு மைக்.
ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.
சாக்கை இறக்கக்கூட விடவில்லை.
பிரகாசிதான் பேசினாள்.
நாங்கள் ஈரச் சேலையோடு நின்று கேட்டோம்.
ஆத்தாடி, அவளுக்குள் இவ்வளவு இருந்ததா?

மாசப் பணம் ஏழு மாசம் வந்துச்சு, பெறவு வரல.
ஏன் வரலன்னு கேக்கப் போனேன்,
பெருவிரல வையின்னாக. வச்சேன்.
மிஷினு என்னைத் தெரியாதுன்னுருச்சு.
முப்பது வருசம் கல்லுல பிச்ச வெரலு சாமி,
கை இருக்கு, ரேகை இல்ல.
ரேசன் கடையிலயும் இதே கதை.
தீவுப் பக்கம் போனா வனத்துறை பேரு கேக்குறாக,
அங்க மட்டும் ரேகை கேக்கல,
என்னைய நல்லாத் தெரியுது.

சந்தியாகு அண்ணன் கடிகாரம் பார்த்திருக்கிறார்:
பதினோரு நிமிஷம்.

ராத்திரி நீல மைக்கில் வந்தாள்:
"மாசப் பணம் ஏழு மாசம் வந்துச்சு."
அடுத்து ஒரு சிரிப்பு. அது வெயிலுக்குக் கண் சுருக்கியது.
சிவப்பு மைக்கில் வந்தாள்:
"வரல."
அடுத்து சோகமான வீணை.

பொய் சொன்னது யாரும் இல்லை.
அதுதான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் காலையில் ரெண்டு கட்சியும் அவள் வீட்டில்.
ஒருவர் நன்றி சொல்ல வந்தார்,
ஒருவர் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்க.
போகும்போது செருப்பு மாறிப்போனது;
ரெண்டும் ஒரே கடைச் செருப்பு.
தெருவில் நீலம் பார்த்த வீடுகள் ஒரு பிரகாசியையும்
சிவப்பு பார்த்த வீடுகள் இன்னொருத்தியையும்
ஏசிக்கொண்டிருந்தன.
எங்கள் வீட்டிலும் சண்டை.
நான் அங்கே நின்றேன் என்கிறேன்;
மாப்பிள்ளை, டிவியில் பார்த்தேன் என்கிறார்.

பங்குனி அமாவாசை நீர் வற்ற, மறுபடியும் படகு.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் அமலோற்பவம், நங்கூரத்தை விட்டுவிட்டாளோ என்னவோ,
மெல்லக் கேட்டாள்:
"நீ யாருக்குடி போடப் போறே?"

பிரகாசி விரல் துணியைப் பல்லால் இறுக்கி முடிந்தாள்.
"சொன்னா எம்புட்டு நேரம் கேப்பே?"

எஞ்சின் நின்றது.
பாரு வந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான்.
யாரும் குதிக்கவில்லை.
"சொல்லு" என்றாள் சண்முகக்கனி,
"நீரு ஏற இன்னும் நேரம் கெடக்கு."